பைனாப்பிள் டார்ட்டும் ஆர்கன் குழலும்

வாசலில் வந்து நின்றவர் கையில் சிவப்பு மூடி போட்ட டப்பா. உள்ளே பைனாப்பிள் டார்ட், இங்கே பெருநாளுக்குச் செய்கிற அன்னாசிப் பலகாரம். கிறிஸ்மஸ் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது, சீனப் பெருநாளும் முடிந்துவிட்டது. காரணம் இல்லாமல் டார்ட் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர் இல்லை அவர்.

பெயர் ஜெயசீலன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வேதக்கோயிலின் கமிட்டித் தலைவர். இன்சூரன்ஸில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். கிள்ளானில் எங்கள் வீட்டுப் படியை அதற்கு முன் அவர் மிதித்தது ஒரே ஒரு தடவை. என் வீட்டுக்காரர் ஞானமுத்து பெட்டியில் படுத்திருந்த அன்று.

"சப்பாத்தைக் கழட்டணுமா சிஸ்டர்?"

"உங்க வீட்ல எப்படியோ அப்படியே செய்ங்க."

கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து புகைமூட்டத்தைப் பற்றிப் பேசினார். மகள் சாராவின் வேலையைப் பற்றிக் கேட்டார். கோமுட்டர் ரயில் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார், அவர் என்னவோ தினமும் அதில் போகிறவர் மாதிரி. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பது என் அனுபவம்.

"சிஸ்டர், பிரதர் ஞானமுத்து வச்சிருந்தாரே, அந்த ஆர்கன் பைப்…"

"அவர்கிட்டதான் இருக்கு."

"தெரியும். அதான்…" டப்பாவை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "பெட்டியைக் கொஞ்சம் திறந்து, எடுத்துக்கலாமான்னு."

அடுப்படியில் சாரா கரண்டி சுழற்றும் சத்தம் நின்றது.

அவர் சொன்ன பெட்டி, மண்ணுக்குள் இருக்கிற பெட்டி.

மூச்சு கொடுத்தவர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, ரயிலில் குடையைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசக சகோதரி, "அக்கா, நீங்க ரொம்ப சாது" என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் இதையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். அதற்கு முதலில் ஆர்கன் கதை தெரியவேண்டும்.

எங்கள் கோயில் ஆர்கன் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. ரப்பர் நல்ல விலைக்குப் போன காலமாம். மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்து இறங்கியதை ரயில்வே ஆட்கள் தோளில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். முன்பக்கம் தேக்கில் செதுக்கிய திராட்சைக் கொடி. அதற்கு மேல் ஆள் உயரக் குழலிலிருந்து விரல் நீளக் குழல் வரை வரிசையாக. உள்ளே இன்னும் எத்தனையோ. வாசிக்கிறவர் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு குழல் பேசும். ஆனால் காற்று போனால்தான் பேசும்.

அந்தக் காற்றைக் கொடுத்தவர் என் வீட்டுக்காரரின் தாத்தா. ரயில்வே கூலி. ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்குப் பின்னால், ஒரு பச்சைத் திரைக்குள் உட்கார்ந்து துருத்தி அமுக்குவார். திரை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கிற ஆளைப் பார்த்தா துரைசாணிக்கு ஜெபம் வராதாம்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு மோட்டார் வந்தது. தாத்தா வெளியே வந்தார்.

கோயில் ஆண்டு மலரில் ஆர்கனின் சரித்திரம் அழகாக அச்சடித்திருக்கிறது. காசு கொடுத்த துரைகளின் பெயர், கப்பலின் பெயர், ஜப்பான்காரன் காலத்தில் குழல்களைக் கழற்றிச் சாக்குப் பைக்குள் ஒளித்துவைத்த கதை எல்லாம் இருக்கிறது. ஆர்கனுக்குள் குட்டி போட்ட பூனையைக்கூட எழுதியிருக்கிறார்கள். பூனைக்குப் பெயரும் போட்டிருக்கிறார்கள். துருத்தி அமுக்கினவர் பெயர் இல்லை.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். ஆனால் ஆர்கன் மட்டும் இங்கிலீஷ் ஆராதனையோடு தங்கிவிட்டது. காலையில் அவர்கள் ஆராதனை, அது முடிந்து எங்கள் தமிழ் ஆராதனை. நடுவில் மூடியை இறக்கிப் பூட்டுவார்கள். சாவி ஒரு அம்மாவின் கைப்பைக்குள் போகும். நாங்கள் பக்கத்தில் ஹார்மோனியத்தை வைத்துப் பாடுவோம்.

அந்த ஆராதனைக்கு வருகிறவர்கள் யாரோ என்று நினைக்காதீர்கள். நம்மவர்கள்தான். வீட்டில் நம்மைப் போலவே ரசம் வைக்கிறவர்கள். கோயில் வாசல் வந்ததும் தமிழ் மறந்துபோகும், அவ்வளவுதான்.

"தமிழ்ப் பாட்டுக்கு ஆர்கன் சூட் ஆகாது பிரதர்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவர் தமிழ்ப் பாடகர் குழுவில் ஆயுசு முழுக்கப் பாடினவர். "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சண்டை போடத் தெரியாத மனுஷர். அந்த வேலையை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

சேவலோடு ஒரு ஏலம்

பிறகு ஒரு காலம் வந்தது, எல்லாக் கோயிலிலும் பெரிய திரை மாட்டுகிற காலம். பாட்டு வரிகள் அதில் ஓடும், பின்னால் மேகம் நகரும். எங்கள் கமிட்டிக்கும் ஆசை வந்துவிட்டது. திரைக்குத் தோதான இடம் ஆர்கன் இருந்த சுவர்தான். ஆர்கனோ கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க ஆள் இல்லை என்றார்கள். தேடினார்களா என்று நான் கேட்கவில்லை.

மர வேலைப்பாட்டைக் கழற்றிக் கோயிலுக்குப் பின்னால் ஸ்டோரில் போட்டார்கள். குழல்களை என்ன செய்வது? இங்கேதான் எங்கள் சபையின் மூளை வேலை செய்தது.

நம் கோயில்களில் அறுப்பின் பண்டிகை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அவரவர் வீட்டு விளைச்சலைக் கொண்டுவந்து ஆண்டவர் பாதத்தில் வைப்போம், ஆராதனை முடிந்து ஏலம் போடுவோம். பூசணிக்காய், வாழைத்தார், ஊறுகாய், கால் கட்டிய சேவல். அந்த வருஷம் அதே மேசையில் ஆர்கன் குழல்களையும் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

ஜெயசீலன்தான் மைக்கைப் பிடித்தார். "ஒரிஜினல் பீஸ், ப்ரோம் இங்கிலாந்து" என்று கத்தினார். பெரிய குழலை அவரே எடுத்துக்கொண்டார். மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. ஒரு ஆன்டி திரைச்சீலை மாட்ட நீளம் சரியாக இருக்கிறதா என்று கை விரித்து அளந்து பார்த்து வாங்கினார்.

என் முழங்கை நீளத்தில் ஒன்று. அதற்குத்தான் என் வீட்டுக்காரர் கை தூக்கினார். வீட்டில் ஒரு சட்டை வாங்கச் சொன்னால் பழையது போதும் என்பவர், விடாமல் கை தூக்கிக்கொண்டே இருந்தார். என்ன விலைக்கு எடுத்தார் என்று கேட்காதீர்கள். ரயில் கிள்ளான் வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

வாங்கினதும் ரிப்பனை அவிழ்த்தார். கைக்குட்டையால் அடி முனையைத் துடைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வாயில் வைத்து ஊதினார்.

புறா தன் தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்ளுமே, அப்படி ஒரு சத்தம். மண்டபம் அடங்கிவிட்டது. மேசைக்கு அடியில் சேவல் பதில் கொடுத்தது. சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் என் பக்கம் திரும்பியபோது கண் நனைந்திருந்தது. தாத்தா காற்றுக் கொடுத்த குழலிலிருந்து பேரன் எழுப்பின முதல் சத்தம்.

எங்கள் வீட்டுச் சுருதி

அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்துக்கு அதுதான் சுருதி. விளக்கைப் போட்டு, டிவியை அணைத்து, மூன்று பேரும் பாயில் உட்காருவோம். அவர் ஒருமுறை ஊதுவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீர்த்தனை எடுப்போம். எனக்கு அது கொஞ்சம் மேலே. "உன் தொண்டைக்கு ஏத்த மாதிரி இங்கிலாந்துல செய்ய மறந்துட்டாங்க" என்பார்.

துறைமுகத்தில் சுமை தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டின மனிதர். சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனாலும் நுரையீரல் கெட்டது. ஊதல் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் சாரா வாங்கி ஊதினாள். அவர் கையை ஆட்டி, "சைக்கிள் டயர்ல காத்து போற மாதிரி இருக்கு, குடு இங்க" என்றார். வாங்கி உதட்டில் வைத்தார். காற்று போனது, சத்தம் வரவில்லை. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னிக்கு அதுக்கு லீவு" என்று சிரித்தார். நாங்களாகவே பாட்டை எடுத்தோம். குழல் இல்லாமலே சுருதி சரியாகத்தான் வந்தது.

அவர் போனபோது அதை அவர் வலது கைக்குள் வைத்தேன். ஒளித்து மறைத்து வைக்கவில்லை. போதகர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். இதே ஜெயசீலன் பெட்டிக்கு அருகில் நின்று, "சோ பியூட்டிபுல், சிஸ்டர்" என்று சொல்லிப் போனில் படம் எடுத்தார். அந்தப் படம் கோயில் மாதப் பத்திரிகையில் வந்தது. கீழே "சங்கீதத்தை நேசித்தவர்" என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு நேசித்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மூடியைத் திறந்துவிடாதவர்கள்.

பாரம்பரியம் வந்தது

சில வருஷம் கழித்துத் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. அதே சமயத்தில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பாரம்பரியம் வந்துவிட்டது. கழுத்தில் கேமரா மாட்டினவர்கள் கூட்டமாகப் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்து, திராட்சைக் கொடி செதுக்கிய தேக்கைத் தடவிவிட்டு, "இது எவ்வளவு அரிய பொருள் தெரியுமா?" என்று கேட்டாராம்.

எங்களுக்கு வெளியாள் யாராவது சொன்னால்தான் தெரியும்.

உடனே கமிட்டிக்கு ஞானம் பிறந்தது. ஏலத்தில் போன குழல்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு. ஒரு வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒன்றில் திரைச்சீலை தொங்கியது. ஒன்று பாகற்கொடிக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பெரிய குழல் எங்கே இருந்தது தெரியுமா? ஜெயசீலனின் கொண்டோ மாடிவீட்டில், வாயில் பிளாஸ்டிக் ஆர்கிட் பூ சொருகி.

எல்லாம் வந்துவிட்டன. ஒன்றைத் தவிர.

பினாங்கிலிருந்து ஆர்கன் பழுது பார்க்கிற சீன அங்கிள் ஒருவர் வந்திருந்தார். மிஸ்டர் லிம். பொறுமையான மனிதர். "ஒன்றுதானே குறைகிறது, நான் புதிதாகச் செய்து தருகிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே விஷயம் முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. ஏனென்றால் ஆர்கன் தயாராவதற்கு முன்பே ஜெயசீலன் பித்தளைப் பலகை அடித்து வைத்துவிட்டார். "குழல்கள் யாவும் அசல். புதிய குழல் ஒன்றும் சேர்க்கப்படவில்லை." இங்கிலீஷில் பெரிதாக, தமிழில் கீழே பொடியாக.

அஞ்சு நிமிஷ வேலை

அப்படித்தான் பைனாப்பிள் டார்ட் என் வீட்டுக்கு வந்தது.

"புதுசு செஞ்சா பலகை பொய்யாயிடும் சிஸ்டர்" என்றார். "முனிசிபல் கவுன்சில்ல பர்மிஷன் வாங்கிடலாம். உங்க சம்மதம் மட்டும் போதும். மேலாக எடுத்துட்டு மூடிடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

சாரா கரண்டியோடு வெளியே வந்தாள். "அங்கிள், பலகையை மாத்துறது எத்தனை நிமிஷ வேலை?"

"அது அப்படி இல்லமா. பெரிய ஆளெல்லாம் வந்து திறக்கப் போறாங்க. பேரெல்லாம் வெட்டியாச்சு."

"எங்க அப்பா கல்லறையிலயும் பேரு வெட்டியாச்சு லா அங்கிள்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க விசுவாசமுள்ளவங்க. இது கர்த்தருடைய சொத்து."

அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. மற்றதெல்லாம் எனக்குக் கொசுக்கடி.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போல. டப்பாவை விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், "கர்த்தருடைய ஆலயத்துக்குரிய ஒரு பொருளை ஒரு குடும்பம் இன்னும் திருப்பித் தரவில்லை" என்று வாசித்தார்கள். பெயர் சொல்லவில்லை. தேவையும் இல்லை. எனக்கு முன் வரிசைப் பெண்கள் சேலையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்த்தார்கள். திருடியைப் பார்க்கிற பார்வை. கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை விரித்துக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து உண்மையாகவே ஜெபம் பண்ணினேன். வாசகர்கள் சிரிக்கலாம். எனக்கு அது விளையாட்டு இல்லை. ஆண்டவருடையதை நான் பிடித்து வைத்திருக்கிறேனா? ஏலத்தில் எடுத்தது ஏலம் போட்டவர்களுக்குச் சரி, அவருக்கும் சரிதானா? அப்படி இல்லை என்றால் நானே போய் மண்வெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதற்கு ஒருவன் கை நீட்டி ஞானமுத்துவின் விரல்களைப் பிரிக்கவேண்டும்.

பதில் குரலாக எதுவும் வரவில்லை. எனக்கு அப்படி வருவதும் இல்லை. சாராவும் நானும் வழக்கம்போல் பாயில் உட்கார்ந்து கீர்த்தனை எடுத்தோம். நடுவில் எனக்கு ஒன்று விளங்கியது. ஆண்டவர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த மூச்சைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கேட்காமல், டார்ட் கொண்டு வராமல், தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். குழலை எடுக்கவில்லை. அதை அவர் கையில் விட்டுவிட்டார்.

மறுநாளே ஜெயசீலனைப் போனில் கூப்பிட்டேன்.

"கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரிச்சவங்க எழுந்திருப்பாங்கன்னு நாம விசுவாசிக்கிறோம்தானே பிரதர்?"

"ஆமா சிஸ்டர்."

"அன்னிக்கு இவரும் எழுந்து வருவாரு. குழலோடதான் வருவாரு. நேரா அவர்கிட்ட வாங்கிக்கங்க. அதுவரைக்கும் கிள்ளான் மண்ணுல யாரும் கை வைக்கக் கூடாது."

"பலகை…" என்றார்.

"பலகையையும் அன்னிக்குக் கொண்டாங்க. அவரு படிச்சுப் பார்ப்பாரு."

டார்ட் நன்றாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. சாராவும் நானும் தின்று தீர்த்தோம்.

மெதுவான பாட்டு

போதகர் இளவயசுக்காரர். அந்த அறிவிப்புக்குப் பிறகு அவருக்கே தூக்கம் இல்லை போல. வீட்டுக்கு வந்தார். "அக்கா, நான்தான் அது மேல கை வச்சு ஜெபிச்சேன். அன்னிக்குச் சபையில எழுந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

"இப்ப சொல்றீங்களே" என்றேன். "என்கிட்ட சொல்லி என்ன செய்ய?"

ஆர்கனைத் திறந்த நாளில் நானும் போனேன். இளக்காரமாகப் பார்ப்பதற்கென்றே போனேன். பெரிய ஆட்கள் வந்தார்கள், பலகையின் பட்டுத் துணியை இழுத்தார்கள், கைதட்டினார்கள். பிறகு ஆர்கன் முழு வீச்சில் எழுந்தது. பொய் சொல்லமாட்டேன். பெஞ்சு அதிர்ந்து என் முதுகெலும்பு வரைக்கும் வந்தது. இவ்வளவு அழகானதையா சேவலுக்குப் பக்கத்தில் வைத்து விற்றோம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பலகைக்காகப் புதுக்குழல் செய்யவிடவில்லை, அதனால் குழல் இல்லாத துளையைக் காற்று வீணாகாமல் மிஸ்டர் லிம் ஒரு தக்கையால் அடைத்திருந்தார். சத்தமான பாட்டில் எல்லாக் குழலும் சேர்ந்து அந்தக் குறையை மறைத்துவிடும் என்றும், மெதுவான பாட்டில் அந்த ஒரு வரிசை மட்டும் வாசிக்கும்போது தெரியும் என்றும் சொல்லியிருந்தாராம். அதனால் ஜெயசீலன் சத்தமான பாட்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தார்.

இங்கிலீஷ் ஆராதனை முடிந்தது. கைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது. அப்போது போதகர் மைக்கில், எல்லார் காதிலும் விழும்படி, "இன்னிக்குப் பூட்ட வேண்டாம். தமிழ் ஆராதனைக்கும் ஆர்கன்தான்" என்றார். சாவி கையிலேயே நின்றது. பெரிய ஆட்கள் முன் வரிசையில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. ஜெயசீலன் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஜெப நேரத்தில் ஒரு கீர்த்தனை. மெதுவான பாட்டு. வாசித்த பெண் அந்த ஒரு வரிசையை மட்டும் மெல்லத் திறந்தாள். புறாச் சத்தம். நாங்கள் பாடினோம். பாட்டு நகர்ந்து மேலே ஏறி, எங்கள் வீட்டுச் சுருதி இருக்கும் இடம் வந்தது. அவள் விரல் அமுக்கியது. ஒன்றும் வரவில்லை. குரல்கள் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போயின. மறுபடி அந்த இடம், மறுபடி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முன் வரிசையில் ஜெயசீலனின் கழுத்து தோளுக்குள் இறங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

சாரா என் காதருகே குனிந்தாள். "அம்மா, அப்பா வாசிக்கிறாரு லா."

நான் பாடிக்கொண்டே இருந்தேன். பாட்டை நிறுத்தக் கூடாதே.

வெளியே வரும்போது பலகையின் முன்னால் நின்று, பொடியாக இருந்த தமிழைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். புதிய குழல் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. குழல்கள் யாவும் அசல்.

பொய் இல்லை. யாவும் அசல்தான். ஒன்று மட்டும் கிள்ளானில் இருக்கிறது.